ஆறு பொட்டு வைத்த துப்பாக்கி

ஒரு வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதற்குள் குண்டு இருக்கும், அல்லது இருக்காது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு நிலை உண்டு என்பதை, கல்யாணமாகிப் பெங்களூர் வந்த பிறகுதான் பிரபா தெரிந்துகொண்டாள். அந்த நிலைக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று பெயர்.

துப்பாக்கி அவளுடையது அல்ல. மாமனார் கணேசமூர்த்தியுடையது. அவர் கலால் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கள்ளச்சாராயக்காரர்களிடமிருந்து தற்காத்துக்கொள்வதற்காக அந்தக் காலத்தில் அவருக்கு உரிமம் கொடுத்திருந்தார்கள். கள்ளச்சாராயக்காரர்கள் கடைசிவரை அவரைப் பொருட்படுத்தவே இல்லை. ஆகவே துப்பாக்கி, அல்சூர் வீட்டுப் படுக்கையறை பீரோவில், மாமியார் ஜகதாம்பாளின் பட்டுப்புடவைகளுக்கு மேல்தட்டில், ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் மல்லாந்து கிடந்து காலம் தள்ளியது. வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் அதற்கு வேலை. ஆயுத பூஜையன்று மிக்சி, தையல் மெஷின், மகன் அச்யுத்தின் லேப்டாப் ஆகிய இதர ஆயுதங்களோடு வரிசையில் உட்கார்ந்து பொட்டு வைத்துக்கொள்ளும்.

கணேசமூர்த்தி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. துப்பாக்கியின் உருளையில் முன்பக்கமாக ஆறு துளைகள் தெரியும். ஆறையும் சந்தனம் குழைத்து அடைப்பார். ஒவ்வொன்றின் நடுவிலும் மோதிர விரலால் குங்குமம் வைப்பார். சந்தனம் காய்ந்தால் சிமென்ட் தோற்றது. போன ஆயுத பூஜைக்கு அப்படி ஆறு பொட்டு வைத்தவர், அடுத்த தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் இருந்த பெரிய அறை இளம் தம்பதிக்குக் கிடைத்தது. பிரபா முதல்நாள் பீரோவைத் திறந்தாள். ஆறு சிவப்புப் பொட்டுகள் அவளைப் பார்த்தன. திரும்பிப் பார்த்தாள். துப்பாக்கி முனைக்கு நேர் எதிரே இருந்தது அவளுடைய தலையணை.

"இதுல குண்டு இருக்கா?" என்று அச்யுத்தைக் கேட்டாள்.

"இருக்காது."

"பார்த்திருக்கியா?"

"அப்பா இருக்கும்போது எப்பிடிப் பார்க்கறது?"

"இப்போ?"

"இப்போ அப்பாவே இல்லையே, எப்பிடிப் பார்க்கறது?"

பிரபா ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை செய்பவள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் எல்லாவற்றையும் பார்ப்பாள். ஓட்டிப் பார்க்காமலே 'பாஸ்' என்று பச்சை டிக் போடுகிறவர்கள் மேல் அவளுக்கு ஓர் இளக்காரம் உண்டு. கணவன் 'இருக்காது' என்று சொன்ன விதத்தில் அந்தப் பச்சை நிறம் தெரிந்தது.

"உனக்கு பயமா இருந்தா சைடு மாத்திக்கலாம்" என்றான் அச்யுத். பிறகு பீரோவை ஒரு தரம், அவள் தலையணையை ஒரு தரம் பார்த்தான். "வேணாம். ரெண்டு பேருமே ஹால்ல படுத்துக்கலாம்."

துப்பாக்கியை வேறு பக்கம் திருப்பி வைக்கலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பிரபாவும் கேட்டாள். கைபேசியில் வீடியோக்கள் பார்த்து விதிகளைப் படித்தாள். துப்பாக்கி முனை எப்போதும் ஆள் இல்லாத திசையை நோக்கி இருக்க வேண்டும் என்றது ஒரு விதி. அங்கேதான் சிக்கல். கிழக்கே பக்கத்து வீட்டு டொமினிக்கின் சமையலறை. மேற்கே பெண்கள் தங்கும் பி.ஜி., ஓர் அறைக்கு நான்கு பேர். வடக்கே ஹால், அதில் அத்தை. தெற்கே ரோடு. மேலே மாடியில் யசோதா ஆன்ட்டியின் பரதநாட்டிய வகுப்பு. கீழே பல் டாக்டர், அவருடைய நாற்காலியில் எப்போதும் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு. ஏரிப் பக்கம் திருப்பினால் அங்கே உடம்பைக் குறைக்கிறவர்களின் கூட்டம். பெங்களூரில் ஆள் இல்லாத திசை என்று ஒன்று கிடையாது. கிடைத்தால் அங்கே ஒரு அபார்ட்மென்ட் கட்டிவிடுவார்கள்.

இப்படி எல்லாத் திசைகளிலும் யார் யாரோ இருந்ததால், துப்பாக்கி பழையபடி பிரபாவின் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஹாலில் பாயில் படுத்தாள். டிவிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் படுத்திருக்கும் ஒரு புது மணப்பெண்ணுக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான் இருக்க முடியும். அவளுக்கு அவளுடைய கட்டில் வேண்டும்.

அந்த நேரத்தில்தான் தேர்தல் வந்தது. உரிமம் பெற்ற துப்பாக்கிகளை எல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அந்த ஊரிலேயே தேர்தல் வந்ததற்காக மனம் நிறைந்து மகிழ்ந்த ஒரே குடிமகள் பிரபாதான்.

ஏரிக்கோடி காவல் நிலையத்தில் ஏட்டு அவளை அன்பாகவே வரவேற்றார்.

"கணேசமூர்த்தி யாரு?"

"மாமனார் சார். தவறிட்டார்."

"துப்பாக்கிய யாரும் தொட்டீங்களா?"

"இல்ல சார்."

"தொடக்கூடாது. லைசென்ஸ் இல்லாதவங்க தொட்டா கேஸ். லைசென்ஸ் யார் பேர்ல?"

"மாமனார் பேர்ல."

"அப்போ அவர் மட்டும் தொடலாம்" என்றார் ஏட்டு, பிரச்சினை தீர்ந்த நிம்மதியோடு. பிறகு கோப்பைத் திறந்து, பேனாவை உதறி, கன்னடத்தில் கேட்டார்: "குண்டு ஹாகித்யா?"

இங்கே வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். 'ஹாகித்யா' என்றால் 'போட்டிருக்கிறதா'. பெங்களூரில் குண்டு என்றால் துப்பாக்கிக் குண்டு. குண்டு என்றால் ஒரு கிளாஸ் சரக்கும்தான். 'குண்டு போடுவது' என்று இங்கே யாராவது சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை உயிர்ச்சேதம் இருக்காது, தலைவலி மட்டும்தான். பிரபாவின் கன்னடம் முழுவதும் ஆபீஸ் கேப் டிரைவரிடமும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீம் நண்பர்களிடமும் கற்றது. அந்தக் கன்னடத்தில் குண்டுக்கு ஒரே அர்த்தம்தான்.

இறந்துபோன பெரியவரைப் பற்றி இப்படி ஒரு கேள்வியா என்று அவளுக்கு முகம் சிவந்தது. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் பெருமையாகச் சொன்ன வாக்கியம் நினைவுக்கு வந்தது. அதை அப்படியே ஒப்பித்தாள்.

"சத்தியமா கிடையாது சார். அந்தத் துறையிலயே இருந்தும் ஒரு நாள்கூடப் போட்டதில்ல."

"வெரி குட்" என்று ஏட்டு எழுதிக்கொண்டார். "ஒரு நாளும் போட்டதில்ல. மருமகள் வாக்குமூலம்."

வாசல்வரை வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே ஏட்டு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "அல்சூர் ரிவால்வர் ப்ராப்ளம் இல்ல குரு. காலி."

பிரபா திரும்பிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய வாக்கியத்தைப் படியில் நின்று ஒத்திகை பார்த்தாள். 'சார், நான் சொன்னது மாமனாரைப் பத்தி, துப்பாக்கியைப் பத்தி இல்ல.' கன்னடத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். தைரியம் வந்து உள்ளே நுழைந்தபோது ஏட்டு சாப்பிடப் போயிருந்தார். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் வாய்தவறிச் சொன்னது வீட்டோடு இருந்தால் தவறு. கோப்பில் ஏறிவிட்டால் அது உண்மை.

துப்பாக்கியை ஒப்படைக்க வாக்குமூலம் மட்டும் போதாது. அவ்வாண்டு முதல் 'ஆயுதப் பாதுகாப்பு விழிப்புணர்வு முகாம்' ஒன்றில் வீட்டுக்கு ஒருவர் கலந்துகொண்டு சான்றிதழ் வாங்க வேண்டும் என்று விதி வந்திருந்தது. அச்யுத்துக்கு மீட்டிங் இருந்தது. அச்யுத்துக்கு எப்போதும் மீட்டிங் இருக்கும். பிரபா போனாள்.

முகாம் ஒரு காபி ஷாப்பின் மாடியில் நடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே பாய்கள் விரித்து, ஊதுவத்திக்குப் பதிலாக ஏதோ வெளிநாட்டு வாசனைப் புகை விட்டிருந்தார்கள். சுவரில் 'துப்பாக்கியும் நானும்: ஓர் அகப்பயணம்' என்று பேனர். பயிற்சியாளர் ஹரிஷ்குமார் கசங்கிய லினன் சட்டையில் இருந்தார். போன வருஷம் இதே மாடியில் சிறுதானியத்தால் எல்லோர் வாழ்க்கையையும் மாற்றிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின வருஷம் ஐஸ் தண்ணீர்க் குளியல்.

"பாதுகாப்புக் காரணமா இங்க நிஜத் துப்பாக்கி அலவுட் இல்லை" என்று சொல்லி, எல்லோர் கையிலும் ஓர் ஏலக்கி வாழைப்பழம் கொடுத்தார். "இதுதான் உங்க வெப்பன். கண்ணை மூடுங்க. அதோட கனத்தை உணருங்க. அது உங்ககிட்ட என்ன சொல்லுது?"

முன்வரிசையில் ஒரு பெரியவர், "நல்லாப் பழுத்திருக்குன்னு சொல்லுது" என்றார்.

"அழகு!" என்றார் ஹரிஷ்குமார். "இப்போ முதல் விதி. எந்தத் துப்பாக்கியையும் குண்டு உள்ளதாவே கருதணும். சொல்லுங்க."

எல்லோரும் சொன்னார்கள்.

"ரெண்டாவது விதி. பாதுகாப்பான திசையை நோக்கிப் பிடிக்கணும். பாதுகாப்பான திசை எது? வெளிய தேடாதீங்க. உள்ளே இருக்கு." சொல்லிவிட்டு வாழைப்பழத்தைத் தன் நெஞ்சுக்கு நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். முப்பது பேரும் அவ்வாறே செய்தார்கள்.

பிரபா மெல்லக் கையைத் தூக்கினாள். "சார், நிஜத் துப்பாக்கில குண்டு இருக்கா இல்லையான்னு எப்பிடிப் பார்க்கறது?"

ஹரிஷ்குமார் கனிவோடு சிரித்தார். "பார்க்கறதுங்கறதே ஒரு ஜட்ஜ்மென்ட் மேடம். இங்க நாம யாரையும் ஜட்ஜ் பண்றதில்லை."

"இல்ல, உள்ள குண்டு..."

"அது அட்வான்ஸ்டு கோர்ஸ்."

இறுதியில் சான்றிதழ் கொடுத்தார்கள். வெளியே வந்து பிரபா தன் ஆயுதத்தை உரித்துத் தின்றாள். அந்த விவகாரம் முழுவதிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவர் பிரித்துப் பார்த்த ஒரே ஆயுதம் அதுதான்.

ஒப்படைக்கும் நாளன்று காலையில் பிரபா ஒரு முடிவுக்கு வந்தாள். அத்தையிடமே கேட்டுவிடுவது. ஜகதாம்பாள் காபிக்கு டிகாஷன் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மாமா குண்டு போட்டு வெச்சிருப்பாரா?"

ஜகதாம்பாளின் கை நின்றது. ஹாலை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. அதுக்கு மேல போடவே மாட்டார். அதும் ரிடையர் ஆனப்புறம்தான். நெஞ்சுக்கு நல்லதுன்னு டாக்டரே சொன்னாராம். எந்த டாக்டர்னு கேட்டா பேச்சை மாத்திடுவார். பூஜை ரூமுக்குப் பின்னால பாட்டில வெச்சிருப்பார், கங்கா ஜலம்னு லேபிள் ஒட்டி."

"நான் துப்பாக்கியைக் கேட்டேன் அத்தை."

"ஓ, துப்பாக்கியா?" ஜகதாம்பாள் டிகாஷனை மூடினாள். "அது எனக்கென்ன தெரியும்? நீ இதை அச்யுத் கிட்ட சொல்லி வைக்காதே. அவன் அப்பாவைத் தெய்வமா நினைச்சிட்டிருக்கான்."

ஆக, கோப்பில் இருந்த வாக்குமூலம் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும் நம்பும்படியாக இல்லை.

சந்தனத்தைச் சுரண்டினால் துளையில் எட்டிப் பார்க்கலாம் என்று பிரபா சொல்லிப் பார்த்தாள். ஜகதாம்பாளின் முகம் மாறியது. "அவர் கையால வெச்சதுல மிச்சம் இருக்கறது அந்த ஆறு பொட்டுதான். அதையும் அழிக்கணுமா?"

தொட்டால் கேஸ் என்பதால் துப்பாக்கியைத் தாம்பாளத்தோடு தூக்கினாள் ஜகதாம்பாள். மேலே ஒரு ஜரிகைத் துண்டு போட்டு மூடினாள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வழி நெடுக யாரோடு பேசினாளோ அவர் பக்கம் தாம்பாளத்தைத் திருப்பினாள். ஆட்டோக்காரர், "கோயிலுக்காம்மா? பிரசாதம் இருந்தா எனக்கும் கொஞ்சம்" என்றார். தாம்பாளம் அவர் முதுகுப் பக்கம் திரும்பியது. பிரபா கண்ணை மூடி, முதல் விதியை நினைத்துக்கொண்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் ப்ரஹ்லாத் இளைஞர். மீசையைவிடக் கைபேசியை அதிகம் பராமரிப்பவர். 'உங்கள் தோழன் ப்ரஹ்லாத்' என்று ரீல்ஸ் போடுகிறவர். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே பஸ்ஸில் ஏறி வரும்.

"வாங்க அம்மா, உக்காருங்க. சர்டிபிகேட் இத்யா? குட். விதி ஒண்ணு என்ன, சொல்லுங்க மேடம்."

"எந்தத் துப்பாக்கியையும் குண்டு உள்ளதாவே கருதணும்."

"கரெக்ட். அப்போ இதுல குண்டு இருக்கு. குண்டு இருக்கிற துப்பாக்கிய நான் வாங்க முடியாது. காலி பண்ணிட்டுத் தாங்க."

ஏட்டு தொண்டையைச் செருமினார். "சார், ஃபைல்ல காலின்னு இருக்கு."

"அப்போ விதி ஒண்ணு?"

"விதி நினைக்கறதுக்கு சார். ஃபைல் எழுதறதுக்கு."

ப்ரஹ்லாத் யோசித்தார். "நினைக்கறப்போ இருக்கு, எழுதறப்போ இல்ல. சரி ஆய்து. ஆப்ல ஏத்து."

ஆயுத ஒப்படைப்புச் செயலி 'குண்டு உள்ளதா?' என்று கேட்டது. கீழே 'ஆம்', 'இல்லை' என இரண்டு பொத்தான்கள். 'ஆம்' என்பதைத் தொட்டால் 'மன்னிக்கவும், மீண்டும் முயலவும்' என்று வந்தது. பிரபா தொழில் பழக்கத்தில் மூன்று முறை முயன்றாள். மாநிலத்தில் ஒப்படைக்கப்பட்ட எல்லாத் துப்பாக்கிகளும் ஏன் காலியாகவே இருந்தன என்பது அவளுக்குப் புரிந்தது.

"சார்" என்றாள். அவள் வாழ்க்கையில் ஒரு போலீஸ் அதிகாரியிடம் அவளாகவே பேசிய முதல் வார்த்தை அது. "நான் வீடியோல பார்த்தேன். இந்த மாடல் சுலபம். விசைல விரல் வைக்கக் கூடாது. ஆள் இல்லாத பக்கமா நீட்டிக்கணும். மேல ஒரு கொக்கி இருக்கு பாருங்க, அதை அமுக்கினா துப்பாக்கி நடுவுல மடங்கித் திறந்துக்கும். ஆறு ஓட்டையும் பின்பக்கமாத் தெரியும். சந்தனத்தைத் தொடவே வேணாம். கண்ணால பார்த்து, விரலாலயும் தடவிப் பார்த்துட்டா தெரிஞ்சிடும். ஒரு நிமிஷம்கூட ஆகாது."

யாரோ சபையில் கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"தெரிஞ்சிடும்" என்றார் ப்ரஹ்லாத் மெதுவாக. "தெரிஞ்சுட்டா? இருந்துதுன்னு வைங்க. ஃபைல் பொய். உங்க வாக்குமூலம் பொய். சர்டிபிகேட் கொடுத்தவர் பொய். எலெக்‌ஷன் டைம்ல மேல இருந்து கேட்டா நான் ஏனு ஹேளலி, என்ன சொல்லட்டும்? பார்க்காத வரைக்கும் எல்லாரும் சௌக்கியமா இருக்கோம் மேடம்."

"வாக்குமூலத்துலயே ஒரு சின்ன..." என்று பிரபா ஆரம்பித்தாள்.

"மாத்திச் சொன்னா பொய் வாக்குமூலம்னு தனி கேஸ்" என்றார் ஏட்டு அக்கறையோடு.

ஆனால் பிரபா சொன்னது ப்ரஹ்லாத்தின் மனத்தில் வேறொரு விளக்கை ஏற்றிவிட்டிருந்தது. துப்பாக்கியைப் பாதுகாப்பாகச் சரிபார்ப்பது எப்படி! அந்த வாரம் முழுக்க அவருக்கு ரீலுக்கு விஷயம் கிடைக்கவில்லை. உடனே தொப்பியை மாட்டிக்கொண்டார். ஏட்டிடம் கைபேசியைக் கொடுத்தார். தாம்பாளத்திலிருந்து துப்பாக்கியை எடுத்தார்.

"நமஸ்காரா. உங்க தோழன் ப்ரஹ்லாத். துப்பாக்கி காலியான்னு எப்பிடி செக் பண்றது? ஈஸி. முதல்ல ஆள் இல்லாத பக்கமாப் பிடிக்கணும்."

பிடித்தபடி சுற்றினார். ஜன்னல் பக்கம் ரோடு. கதவுப் பக்கம் க்யூ. மேலே மகளிர் பிரிவு. ஏட்டு இருந்த பக்கம் ஏட்டு. கடைசியில் துப்பாக்கி ஒரு மூலையில் நிலைத்தது. அங்கே கூரைவரை ஓர் இரும்பு அலமாரி. அதில் 'பொதுமக்கள் குறை மனுக்கள்' என்று எழுதியிருந்தது. அலமாரிக்கும் அவருக்கும் நடுவில் சிலந்தி வலைகூட அறுபடாமல் இருந்தது. பிரபா மாதக்கணக்கில் தேடிய திசை அது. பெங்களூரில் மனிதக் காலடி படாத ஒரே திசை.

"அடுத்தது, விசைய அமுக்கிப் பார்க்கணும். சத்தம் வரலைன்னா காலி."

"சார், அங்க விரலை வைக்காதீங்க" என்றாள் பிரபா. அவள் குரல் எப்போதும்போல அவளுக்கு மட்டும் கேட்டது.

வெடித்தது.

சத்தம் அடங்கியபோது ஏட்டு மேஜைக்கு அடியில் இருந்தார், ஆனாலும் கடமை தவறாமல் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஜகதாம்பாள் காதைப் பொத்திக்கொண்டு, "அப்பனே முருகா" என்றாள். அலமாரியிலிருந்து மெல்லப் புகை வந்தது. குண்டு பதினேழு வருஷத்து மனுக்களைத் துளைத்துக்கொண்டு போய், சுவரைத் தொடுமுன் களைத்து நின்றிருந்தது. அந்த நிலையத்தில் மக்களின் குறைகளுக்குள் இவ்வளவு ஆழமாக எதுவும் போனதில்லை.

ப்ரஹ்லாத் முகம் சுண்ணாம்பாகியிருந்தது. கையில் இருந்ததைத் தாம்பாளத்தில் வைத்தார்.

"ஃபைல்ல காலின்னுதானே இருந்துது?"

"இப்பவும் இருக்கு சார்" என்றார் ஏட்டு, மேஜைக்கு அடியிலிருந்து.

"அப்போ சத்தம்?"

"எலெக்‌ஷன் சார். எவனோ பட்டாசு."

"ஹௌது, ஆமா. பட்டாசு." ப்ரஹ்லாத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது. "ரீலை டெலிட் பண்ணு. வேண்டாம், இரு. சத்தத்தை எடுத்துட்டு புல்லாங்குழல் போடு."

பிரபா துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உருளையில் ஒரு துளை கறுப்பாகத் திறந்திருந்தது. மற்ற ஐந்திலும் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன.

"மிச்சம் அஞ்சு?" என்றாள்.

மற்ற மூன்று பேரும் ஐந்து பொட்டுகளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கொக்கி பக்கம் யாருடைய கையும் போகவில்லை.

அப்போது ஜகதாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இறந்துபோன கணவரின் மானம் ஒரு காவல் நிலையத்தில் பேசப்படுகிறது என்பது மட்டும்தான் அவளுக்குப் புரிந்திருந்தது.

"ஒண்ணுக்கு மேல போடமாட்டார்" என்றாள் தீர்மானமாக. "நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். எனக்குத் தெரியாதா? ஒண்ணே ஒண்ணுதான்."

"கேட்டியா!" என்று ப்ரஹ்லாத் ஏட்டைப் பார்த்து மேஜையைத் தட்டினார். "வீட்டம்மாவே சொல்றாங்க. ஒண்ணு. அது போச்சு. இப்போ நிஜமாவே காலி. எழுது!"

ஏட்டு எழுதினார். எழுதிய தாளைப் பிரபாவின் பக்கம் நகர்த்தினார். 'மேற்படி துப்பாக்கியை விதிமுறைப்படி நேரில் திறந்து பார்த்துச் சரிபார்த்தேன். காலியாக உள்ளது.' கீழே, 'பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர்' என்று போட்டுக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

அத்தை எந்த ஒன்றைச் சொன்னாள் என்பது இந்த உலகத்தில் பிரபாவுக்கு மட்டும் தெரியும். சொல்வதென்றால் இப்போது சொல்ல வேண்டும். சொன்னால் கங்கா ஜல பாட்டில் வெளியே வரும். வாக்குமூலம் வெளியே வரும். துப்பாக்கி திரும்பி வீட்டுக்கு வரும். சொல்லாமல் ஒரு கையெழுத்துப் போட்டால் துப்பாக்கி இங்கேயே இருக்கும். கட்டில் அவளுக்கு. மெத்தையின் குளிர்ச்சி முதுகில் படுவது போலவே இருந்தது.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பச்சை மை.

அன்று முதல் பிரபா தன் கட்டிலில், தன் தலையணையில் தலைவைத்து, நன்றாகவே தூங்கினாள். ப்ரஹ்லாத்தின் ரீல் புல்லாங்குழல் இசையோடு ஊரெங்கும் பரவியது. 'எவ்வளவு தெளிவான விளக்கம்' என்று ஆயிரக்கணக்கானோர் இதயம் போட்டிருந்தார்கள். ஹரிஷ்குமார் அதை அட்வான்ஸ்டு கோர்ஸில் சேர்த்துவிட்டார். ஓட்டுப் போட்டார்கள், எண்ணினார்கள், ஜெயித்தவர்கள் ஜெயித்தார்கள்.

ஒரு வாரம் கழித்து ஏட்டு போன் செய்தார்.

"மேடம், துப்பாக்கிய வந்து எடுத்துட்டுப் போங்க."

"நாங்க திருப்பிக் கேக்கலையே சார்!"

"எலெக்‌ஷனுக்கு வாங்கினது, எலெக்‌ஷன் முடிஞ்சா கொடுத்தே ஆகணும். லைசென்ஸும் உங்க பேருக்கு மாத்தியாச்சு."

"என் பேருக்கா?"

"வாரிசுல சர்டிபிகேட் உள்ளது நீங்க ஒருத்தர்தானே. அதும் நேர்ல திறந்து பார்த்து எழுதிக் கொடுத்திருக்கீங்க. உங்களை மாதிரி ஆள் கிடைக்கறது கஷ்டம்னு எங்க சாரே மேல எழுதினார். கங்கிராஜுலேஷன்ஸ்."

ஜகதாம்பாள் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து, துப்பாக்கியை அதில் வைத்து, பட்டுப்புடவைகளுக்கு மேல்தட்டில் பழைய இடத்தில் பழைய திசையில் வைத்தாள். அங்கே வைத்தால்தான் அவளுக்குத் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அச்யுத் கட்டிலில் தன் பக்கம் சாய்ந்துகொண்டான். பிரபா தலையணையும் கையுமாகக் கதவருகே நின்றாள்.

"எங்க போறே?"

"ஹாலுக்கு. காத்து வரும்."

"அதான் காலின்னு நீயே பார்த்தியே!"

"ம்."

"இப்பவும் ஹால்ல படுத்தா அம்மா என்ன நினைப்பாங்க? நீ பார்க்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்னு நினைப்பாங்க."

பிரபா திரும்பி வந்து தன் பக்கம் உட்கார்ந்தாள். பீரோக் கதவு பாதி திறந்திருந்தது. இப்போது அந்தத் துப்பாக்கியைத் தொட, எடுக்க, கொக்கியை அமுக்கித் திறந்து பார்க்க, இந்த நாட்டில் சட்டப்படி அதிகாரம் உள்ள ஒரே ஆள் அவள்தான். எப்படிப் பார்ப்பது என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அச்யுத்துக்கே ஆர்வம் வந்தது. எழுந்து உட்கார்ந்தான். "இரு இரு. உன் பேர்லதானே லைசென்ஸ்? எப்பிடித் திறக்கறதுன்னு எனக்கு ஒரு தடவை காட்டேன். பார்க்கலாம்."

பிரபா எழுந்துபோய் பீரோவின் முன் நின்றாள். ஐந்து பொட்டும் அவளைப் பார்த்தன. நினைத்தால், இருந்தது. எழுதியதில், இல்லை.

கதவைச் சாத்தினாள்.

"அதான் பார்த்தாச்சே" என்றாள். "எத்தனை தடவை பார்க்கறது?"

பிறகு தன் பக்கம் வந்து, தலையணையில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.